இழுவை குறைந்தால், டர்போவுக்கு முன் ரப்பர் குழாயைப் பாருங்கள்

கேள்வி: "கொல்லிமலையில் மிளகும் அன்னாசியும் சாகுபடி செய்கிறோம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு டர்போ டீசல் ஜீப் வைத்திருக்கிறோம். 15 ஆண்டுகள் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த வண்டி. மூன்று மாதமாக ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது, கரும்புகை தள்ளுகிறது. பிரேக் பெடலும் முன்பைவிடக் கனமாக இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில், டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் மாற்ற வேண்டுமாம். இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லும் தொகைக்கு, மிளகு விற்ற பணம் மொத்தமும் போய்விடும். மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

- வாசகர், கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்.

பதில்: மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இப்போதே முடிவு கட்டத் தேவையில்லை. ஆனால், பிரேக் சரியாகும் வரை இந்த வண்டியை மலைப்பாதையில் இறக்கக் கூடாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. கனத்துப்போன பிரேக்கோடு பாரம் ஏற்றி இறங்குவது உயிரோடு விளையாடுவது.

கேள்விக்குள்ளேயே ஒரு துப்பு இருக்கிறது. இழுவையும் பிரேக்கும் ஒரே காலத்தில் கெட்டிருக்கின்றன. ஒரே மதகிலிருந்து பிரியும் இரண்டு வாய்க்கால்களும் ஒன்றாக வறண்டால், இரண்டையும் தூர்வார யாரும் மண்வெட்டியோடு கிளம்புவதில்லை. முதலில் மதகைத்தான் பார்ப்பார்கள். பழைய டர்போ டீசல் வண்டிகள் பலவற்றில், டர்போவின் கட்டுப்பாட்டுக்கும் பிரேக்கின் உதவிக்கும் மதகு ஒன்றுதான். அதுதான் வேக்குவம் பம்ப். அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், விரல் பருமனிலும் பென்சில் பருமனிலும் ஓடும் ரப்பர் குழாய்கள். மெக்கானிக்குகள் இவற்றை வேக்குவம் ஹோஸ் என்பார்கள். 15 ஆண்டு வெயிலும் என்ஜின் சூடும் பட்ட ரப்பர் காய்ந்து வெடிப்பது இயல்பு. விலை உயர்ந்த பாகங்களைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது இந்தக் குழாய்களைத்தான்.

உறிஞ்சும் பக்கத்து ஓட்டை கண்ணில் படாது

கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். டெலிவரி குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபுட் வால்வுக்கும் மோட்டாருக்கும் நடுவே, உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். மோட்டார் ஓடும், தண்ணீர் மட்டும் ஏறாது. விவரம் தெரியாதவர் மோட்டாரைக் குறை சொல்வார்.

வேக்குவம் ஹோஸும் உறிஞ்சும் குழாய்தான். பெட்ரோல் என்ஜினில் காற்று நுழையும் வழியைத் தடுத்துத் திறக்கும் தகடு இருப்பதால், அதற்குப் பின்னால் வெற்றிடம் தானாக உருவாகும். டீசல் என்ஜினில் அப்படிப் போதுமான வெற்றிடம் கிடைப்பதில்லை. அதனால் தனியாக ஒரு பம்ப் வைக்கிறார்கள். நம் ஊரில் ஓடும் பழைய ஜீப், பிக்கப் வண்டிகள் பலவற்றில் இது ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் இருக்கும். என்ஜின் ஆயில்தான் இதற்கு மசகு.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். நல்ல நிலையில் உள்ள பம்ப், சமவெளியில் 600 மி.மீ.க்கு மேல் வெற்றிடம் கொடுக்கும். மலையில் காற்றழுத்தமே குறைவு. 1,200 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 100 மி.மீ. குறைந்துவிடும். அதே அளவுக்கு மீட்டரிலும் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்து, பம்ப் கெட்டுவிட்டது என்று எண்ணக் கூடாது. ஆனால், அடிவாரத்தில் தாக்குப்பிடிக்கும் சிறு கசிவு, மலை மேலே சிக்கலாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

டர்போவுக்கும் வெற்றிடத்துக்கும் என்ன தொடர்பு?

சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம், காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. இதுதான் டர்போ. காற்று மெலிந்த உயரத்தில் இது எப்படிக் கைகொடுக்கும் என்பதை, 1918-ல் அமெரிக்காவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு ஒரு விமான என்ஜினை எடுத்துப்போய், பொறியாளர் சான்ஃபோர்ட் மோஸ் நிரூபித்துக் காட்டினார். டர்போ இல்லாமல் மலை மேல் சக்தி இழந்த அந்த என்ஜின், டர்போவோடு தரைமட்டத்துச் சக்தியை மீண்டும் எட்டியது. மலையில் வண்டி வைத்திருப்பவருக்கு டர்போ வேலை செய்யாத குறை, சமவெளிக்காரரைவிட அதிகமாகத் தெரிவது இதனால்தான்.

டர்போவை எவ்வளவு வேலை செய்ய வைப்பது என்பதை, அதன் பக்கத்தில் உள்ள கிண்ணம் போன்ற ஆக்சுவேட்டர் தீர்மானிக்கிறது. இதில் இரண்டு வகை பரவலாக உண்டு.

முதல் வகை, வெற்றிடத்தால் இயங்குவது. வேக்குவம் பம்பிலிருந்து ஒரு சோலனாய்டு வால்வு வழியாக ஹோஸ் வந்து ஆக்சுவேட்டரில் சேரும். வெற்றிடம் இழுக்கும்போது டர்போவுக்குள் உள்ள சிறு தகடுகள் குறுகி, குறைந்த வேகத்திலும் சக்கரத்தை விரட்டும். ஹோஸ் வெடித்தால் தகடுகள் விரிந்தே நிற்கும். காற்று போதாமல் ஏற்றத்தில் வண்டி திணறும், கரும்புகை வரும். வாசகர் சொல்லும் அறிகுறிகள் இதற்கு அப்படியே பொருந்துகின்றன.

இரண்டாம் வகை, டர்போவின் காற்றழுத்தத்தாலேயே இயங்குவது. டர்போவின் காற்றுப் பகுதியிலிருந்து ஒரு சிறு ஹோஸ் நேராக ஆக்சுவேட்டருக்குப் போகும். இது வெடித்தால் இழுவை குறையாது. அழுத்தம் அளவுக்கு மீறிப் போய் என்ஜினுக்குக் கேடு. இந்த வகை வண்டியில் இழுவை குறைந்தால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் பெரிய குழாய்களில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் பிரேக்: இரண்டு சோதனைகள்

பிரேக் பெடல் கனத்தால் பெரும்பாலும் வெற்றிடக் குறை. பெடல் தழைந்து உள்ளே போனாலோ, பஞ்சு போல அமுங்கினாலோ பிரேக் ஆயில் பக்கத்துக் குறை; மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டியது அப்போதுதான். 9 அங்குல விட்டமுள்ள பிரேக் பூஸ்டர், நல்ல வெற்றிடம் கிடைத்தால் ஏறக்குறைய 300 கிலோ எடைக்கு ஈடான உந்துதலைப் பெடலுக்குத் துணையாகக் கொடுக்கும். அந்தத் துணை போனால், பாரம் முழுவதும் காலுக்கு வந்துவிடும்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இந்தச் சோதனைகளைச் செய்யலாம்.

ஒன்று: என்ஜினை நிறுத்திவிட்டு, பெடலை நான்கைந்து முறை மிதிக்க வேண்டும். பெடல் கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் வரவில்லை; அல்லது பூஸ்டரே பழுது.

இரண்டு: என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மிதித்தால், முதல் இரண்டு மிதிகளாவது இலகுவாக இருக்க வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால், சேமித்த வெற்றிடம் எங்கோ கசிகிறது. பூஸ்டர் ஹோஸ், அதிலுள்ள ஒருவழி வால்வு, பூஸ்டர் டயஃப்ரம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அந்த ஒருவழி வால்வு, கிணற்றின் ஃபுட் வால்வு செய்யும் வேலையைத்தான் செய்கிறது.

ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருக்கும் வண்டியில் பெல்ட் அறுந்தால், பேட்டரி சார்ஜ் மட்டுமல்ல, பிரேக்கின் துணையும் போய்விடும்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஒவ்வொரு ஹோஸையும் விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வெடிப்புகள் நடுவில் இருக்காது. முனையில், செருகிய இடத்தில்தான் இருக்கும். நேராக இருக்கும்போது மூடிக்கொண்டு, வளைத்தால்தான் வாய் திறக்கும். தொட்டால் சுள்ளி போல விறைப்பாக இருந்தாலும், ஆயில் பட்டு ஊறிக் கொழகொழவென்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்குச் சைக்கிள் பஞ்சர் பார்க்கும் முறையே போதும். ஹோஸைத் தனியாகக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று கொடுத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும். கழற்றிய ஹோஸுக்கு மட்டும்தான் இந்த முறை. ஆக்சுவேட்டர், சோலனாய்டு, பூஸ்டர் இவற்றுக்குள் காற்றடித்தால் கெட்டுவிடும். ஹோஸ் வண்டியில் இருக்கும்போது சோப்பு நுரை தடவிப் பார்ப்பதும் பயன்படாது. உறிஞ்சும் இடத்தில் குமிழி எழாது.

மீட்டர் உள்ள கை வேக்குவம் பம்ப் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கும். அதை ஆக்சுவேட்டரில் மாட்டி இழுத்தால், அதன் தண்டு திக்காமல் நகர வேண்டும். பிறகு ஒரு நிமிடமாவது முள் இறங்காமல் நிற்க வேண்டும். தண்டு நகர்ந்து, முள்ளும் நின்றால் ஆக்சுவேட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். அடுத்து, மீட்டரை நேராக வேக்குவம் பம்பின் வாயில் மாட்டி, என்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே முழு வெற்றிடம் இருந்தால் மதகு நன்றாக இருக்கிறது, பழுது வாய்க்காலில். பிறகு கிளைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எதைச் சேர்க்கும்போது முள் விழுகிறதோ அதில்தான் கசிவு. சொட்டுநீர் வயலில் கேட் வால்வை ஒவ்வொன்றாகத் திறந்து உடைந்த லைனைக் கண்டுபிடிப்பது போலத்தான். நின்ற வண்டியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பூஸ்டர் ஹோஸ் கழன்ற நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

கசிவு தேட பெட்ரோல், ஸ்டார்ட்டிங் ஸ்பிரே போன்றவற்றை அடித்துப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. டீசல் வண்டியில் இது ஆபத்து. டர்போவின் சூட்டில் தீப்பிடிக்கும். உள்ளே உறிஞ்சப்பட்டால், என்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

எந்த ஹோஸ் வாங்குவது?

பிரேக் பூஸ்டர் ஹோஸில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அந்த வண்டிக்கென்று வரும் ஒரிஜினல் ஹோஸையும், ஒருவழி வால்வையும் சேர்த்தே வாங்க வேண்டும். வால்வில் அம்புக்குறி இருந்தால், அது காற்று போகும் திசை. பூஸ்டரிலிருந்து பம்பை நோக்கி இருக்க வேண்டும்.

சிறிய ஹோஸ்களைக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கலாம். செலவு சில நூறு ரூபாய்தான். பழைய துண்டைக் கையோடு எடுத்துப்போய், உள்விட்டத்தை ஒப்பிட்டு வாங்க வேண்டும். ஒரு மி.மீ. பெரிதாக இருந்தாலும் கசியும். சுவர் தடிமனாக இருப்பது முக்கியம். மெல்லியது என்றால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். டர்போவுக்கு அருகே போகும் ஹோஸுக்குச் சூடு தாங்கும் சிலிக்கான் ஏற்றது. ஆனால், ஆயில் படும் இடத்துக்குச் சாதாரண சிலிக்கான் ஆகாது. வேக்குவம் பம்பை ஒட்டிய பகுதியில் ஆயில் ஆவி இருக்கும். அங்கே ஆயில் தாங்கும் ரப்பர்தான் வேண்டும்.

மாற்றும் முறை

1. எதையும் தொடுவதற்கு முன், செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சோலனாய்டில் இரண்டு மூன்று முனைகள் அருகருகே இருக்கும். மாற்றிச் செருகினால், ஹோஸ் புதிதாக இருந்தும் வண்டி இழுக்காது.

2. ஒரு ஹோஸைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுவிட்டு யோசிக்கக் கூடாது.

3. இறுகிப்போன ஹோஸை இழுத்துப் பிடுங்கக் கூடாது. பிளாஸ்டிக் முனைகள் பழசானால் முறுக்குப் போல முறியும். ஹோஸ் முனையை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரிக்க வேண்டும். பிளேடு முனையில் பட்டுக் கோடு விழுந்தால், அதுவே புதிய கசிவு ஆகிவிடும், கவனம் வேண்டும்.

4. புதிய ஹோஸ் பழைய நீளத்துக்கே இருக்க வேண்டும். குறைந்தால் என்ஜின் அதிர்வில் கழன்றுவிடும். கூடினால் தொங்கி, சூட்டில் படும்.

5. முனை முழுவதும் மூடும்படி செருக வேண்டும். ஏறவில்லை என்றால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவக் கூடாது.

6. பழைய ஹோஸ் போன பாதையிலேயே, அதே கிளிப்புகளில் மாட்ட வேண்டும். டர்போ, புகைக்குழாய், ஃபேன், பெல்ட் எதிலும் உரசக் கூடாது.

7. ஆல்டர்னேட்டர் பக்கம் கைவைப்பதற்கு முன், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். அங்கேயே, பம்புக்கு ஆயில் வந்து திரும்பும் குழாய்களையும் பார்க்க வேண்டும். அதில் கசிவு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் குழாய் வெடித்தால், என்ஜின் ஆயில் வெளியேறி என்ஜினே பிடித்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும், பிரேக் சோதனை இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும். இரண்டிலும் தேறிய பிறகு, சமவெளியில் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலையேற வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸ் மாற்றும் வேலையைப் பழகாதவர்கள் செய்ய வேண்டாம். மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

மாற்றியும் இழுக்கவில்லை என்றால்?

ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்டர்கூலர் குழாய், சோலனாய்டு வால்வு, பிறகு வேக்குவம் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். புகையைத் திருப்பி என்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே கரும்புகை வரும். டர்போ கடைசியில்தான். அதையும் கழற்றி, தண்டில் ஆட்டம் இருக்கிறதா, சக்கரம் உறையில் உரசிய தடம் இருக்கிறதா, ஆயில் ஒழுகியிருக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். சோதித்த மீட்டர் அளவு என்ன என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்பதில் தவறில்லை. அளந்து பார்த்தவர் தயங்காமல் சொல்வார்.

மற்ற வாசகர்களின் சிறு கேள்விகள்

"அவசரத்துக்குச் சொட்டுநீர் மைக்ரோ டியூப் அல்லது பால் கறவை மெஷின் குழாயை வேக்குவம் ஹோஸாகப் போடலாமா?"

கூடாது. மைக்ரோ டியூப் என்ஜின் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். கறவை மெஷின் குழாய் உருவானது தொழுவத்துக்கு. என்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அல்ல. தாங்க வேண்டிய வெற்றிடமும் கறவை மெஷினைவிட வண்டியில் அதிகம்.

"புது ஹோஸ் போட்டு இரண்டே மாதத்தில் எலி கடித்துவிட்டது. என்ன செய்வது?"

நெல் மூட்டை, தீவனம், வைக்கோல் இருக்கும் இடத்தை ஒட்டி வண்டியை நிறுத்துவதுதான் முதல் காரணம். ஓடி நின்ற என்ஜினின் கதகதப்பு எலிக்குக் கூடு கட்டத் தோதானது. வண்டியைச் சற்றுத் தள்ளி, சுற்றிலும் குப்பை இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, வைக்கோல் துணுக்கு, எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலிப்பொறியை வண்டிக்கு அருகே சுவரோரம் வைக்கலாம். விஷத்தீனியை பானெட்டுக்குள் வைக்கக் கூடாது. கீழே சிந்தினால் நாய்க்கும் கோழிக்கும் ஆபத்து.

"மலையிலிருந்து இறங்கும்போது டீசலை மிச்சப்படுத்த என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிறோம். இதில் தவறு உண்டா?"

பெரிய தவறு. என்ஜின் நின்றால் வேக்குவம் பம்பும் நின்றுவிடும். பூஸ்டரில் மீதமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அதன் உதவியும் இருக்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் மலைப்பாதையின் பழைய பழக்கம், அதுதான் சரி. கியரில் இறங்கினால் வண்டியின் வேகத்தை என்ஜினே பிடித்துக்கொடுக்கும், பிரேக்கும் சூடேறாது. நியூட்ரலில் போட்டு இறங்குவதும் கூடாது.